ஜவ்வாது மலையும் அம்மாவின் வளையலும்

"மலை என்றால் ஊட்டியும் கொடைக்கானலும்தானா? நம் பக்கத்திலேயே ஒரு மலை இருக்கிறது. மூன்று நாள் போய்விட்டு வரலாம், கிளம்பு" என்று இவர் சொன்னபோது எனக்கு உற்சாகமே வரவில்லை. வீட்டில் ஒரு மாதமாக எனக்கும் சின்னவனுக்கும் சரியான பேச்சு கிடையாது. சாப்பிட வா, துணியை எடுத்துப் போடு, அவ்வளவுதான். அதை உத்தேசித்துத்தான் இவர் இந்தப் பயணத்தையே ஏற்பாடு செய்கிறார் என்பதும் எனக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். பி.எஸ்ஸி. முடித்த கையோடு, ராணுவ அதிகாரிகளுக்கான தேர்வு எழுதப் போகிறேன் என்றான் பிள்ளை. அவன் அப்பா உடனே முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டார். இவன் நேராக என்னிடம் வந்து, "நீ சரின்னு சொன்னாத்தாம்மா விண்ணப்பம் போடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். சண்டை போட்டிருந்தாலாவது பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். இப்படி முடிவை என் கையில் கொடுத்துவிட்டுப் போனால் நான் என்ன செய்வது? வாயைத் திறக்காமலே நாளைக் கடத்தினேன். நாங்கள் கிளம்பிய அன்று கடைசித் தேதிக்கு இன்னும் 12 நாள் பாக்கி.

எனக்கு நாட்டுப்பற்று இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1999இல் கார்கில் சண்டை நடந்தபோது பெரியவள் ஒரு வயதுக் குழந்தை. அவளை மடியில் போட்டுக்கொண்டு டி.வி. முன்னால் உட்கார்ந்து அழுதவள் நான். திருச்சிப் பிள்ளை மேஜர் சரவணன் மே 29ஆம் தேதி பட்டாலிக் மலைமுனையில் உயிரைவிட்டார். உடலை மீட்டுக் கொண்டுவர ஒரு மாதத்துக்கும் மேல் ஆயிற்று. அந்த ஒரு மாதம் அந்தத் தாய் எப்படிச் சோறு சாப்பிட்டிருப்பாள் என்று நினைத்து நினைத்து எனக்குத் தொண்டையில் சோறு இறங்காது. அவர் படம் போட்ட பத்திரிகைப் பக்கத்தை வெட்டி வெகு நாள் வைத்திருந்தேன். அப்படிப்பட்டவள் சொந்தப் பிள்ளை கேட்டதும் ஊமையாகிவிட்டேன் பாருங்கள்!

எங்கள் வீட்டில் இன்னொரு கதையும் உண்டு. என் கையில் எப்போதும் ஒற்றை வளையல் ஒன்று கிடக்கும், கல்யாண ஆல்பத்தில்கூடப் பார்க்கலாம். ஜோடி எங்கே என்று கேட்காதவர்கள் கிடையாது. 1962இல் சீனாக்காரன் படையெடுத்து வந்தபோது, நாடெங்கும் பெண்கள் தேசியப் பாதுகாப்பு நிதிக்கு நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்கள் அல்லவா? அப்போது 18 வயதுப் புதுப்பெண்ணான என் அம்மா, ஜோடி வளையலில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்துவிட்டாளாம். மிச்சம் இருந்த மற்றொன்றுதான் எனக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டி என்றால் நான் இதைத்தான் எழுதுவேன். இரண்டு முறை பரிசும் வாங்கியிருக்கிறேன்.

அம்மாவுக்கு இப்போது 81 வயது. "மலையிலே குளிரும், வேண்டாம்" என்று சொல்லிப் பார்த்தோம். "நீங்க நாலு நாள் ஊர் சுத்துவீங்க, நான் சுவரைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா?" என்று முதல் ஆளாகப் பையை எடுத்து வைத்துக்கொண்டாள்.

கார்த்திகைக் கடைசியில் கிளம்பினோம். முதல் நாள் ராத்திரி வேலூரில் நாத்தனார் வீடு. காலையில் எழுந்து கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, 1806 ஜூலை 10ஆம் தேதி நடந்த சிப்பாய்ப் புரட்சியின் நினைவுத் தூணையும் பார்த்தோம். தலைப்பாகையை மாற்று, திருநீற்றை அழி, தாடியை எடு என்று வெள்ளைக்காரன் உத்தரவு போட, பொறுக்காமல் எழுந்த சிப்பாய்கள். 1857க்கு 51 வருஷம் முந்தி! தூணைச் சுற்றிலும் ஆட்டோக்கள் ஹாரன் அடித்துக்கொண்டு பறக்கின்றன. நின்று பார்ப்பவர்கள் நாங்கள் மட்டும்தான்.

நாத்தனார் வீட்டுக்காரர்தான் சொன்னார்: "திருவண்ணாமலை ரோட்டிலதானே போறீங்க? கணியம்பாடி தாண்டினதும் கம்மவான்பேட்டைன்னு ஒரு ஊர். ராணுவப்பேட்டைன்னே சொல்லுவாங்க. வீட்டுக்கு ஒரு பட்டாளத்துக்காரர்." இவர் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. இது முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டதோ என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

போய்ப் பார்த்தால் சாதாரண ஊர். தென்னை, நெல் வயல், வாசலில் கோலம், கட்டியிருக்கும் மாடு. ஊருக்குப் பின்னால் நீலமாக ஜவ்வாது மலை. ஒரு வீட்டுத் திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாளிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து மோரே கொடுத்துவிட்டார். கூடத்துச் சுவரில் வரிசையாகப் படங்கள். மாமனார், வீட்டுக்காரர், கொழுந்தனார், பிள்ளை, எல்லோரும் உடுப்பில். மாமனார் படம் பழுப்பேறி முகமே சரியாகத் தெரியவில்லை, ஆனால் மீசை மட்டும் தெரிகிறது.

"பையன் இப்போ எங்கே இருக்கார்?" என்று கேட்டேன்.

"காஷ்மீர் பக்கம்தாம்மா. ஊர் பேர் சொல்லமாட்டான், நாங்களும் கேக்கமாட்டோம். வருஷத்துல ரெண்டு மாசம் லீவு. வந்தான்னா மொத வாரம் தூங்கிக்கினே கெடப்பான்."

கேட்கலாமா கூடாதா என்று யோசித்துக் கடைசியில் கேட்டே விட்டேன். "பயமா இல்லையா?"

அந்த அம்மாள் கீரையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "பகல்ல போன் வந்தா ஒண்ணும் இல்ல. ராத்திரி பத்து மணிக்கு மேல மணியடிச்சா கை நடுங்கும். எங்க மாமியாருக்குத் தபால்காரரு வந்தா நடுங்கும்னு சொல்லுவாங்க. அதுக்காக வாணாம்னு சொல்லிட முடியுமா? இந்த ஊர்ல அவனவனுக்குத் தாய்ப்பாலோட வர்ற ஆசை. நானும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன், கடை வெச்சுத் தரேன்டான்னு. ரெண்டு நாள் என்கிட்ட பேசல."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, முறுக்கு சுட்டுக் குடுத்து அனுப்பினேன்."

இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெருமையாகப் பேசுவார், நாட்டுக்காகப் பிள்ளையைக் கொடுத்தேன் என்பார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. சம்பளம், லீவு, கேன்டீனில் வாங்கிய மிக்ஸி, பிள்ளைக்குப் பெண் பார்ப்பது, இவைதாம் பேச்சு. கிளம்பும்போது சின்னவனைப் பார்த்து, "தம்பி இன்னா படிக்குது?" என்றார். அவன் என்னைப் பார்த்தான். நான் மோர் டம்ளரைப் பார்த்தேன்.

காரில் ஏறிய பிறகு இவர், "சியாச்சின் ஞாபகம் இருக்கிறதா?" என்றார். எப்படி மறக்கும்? 2016 பிப்ரவரி 3ஆம் தேதி சுமார் 19,600 அடி உயரத்தில் பனிச்சரிவு விழுந்து, மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19ஆவது பட்டாலியன் முகாமில் 10 பேர் புதைந்துபோனார்கள். அதில் நாலு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து ஒவ்வொருவர். நாலாமவர் இந்த வேலூர் மாவட்டத்துத் துக்கம்பாறையைச் சேர்ந்த ஹவில்தார் ஏழுமலை. ஆறு நாள் கழித்து அந்தப் பனிக்கு அடியிலிருந்து கர்நாடகத்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை உயிரோடு எடுத்தபோது நாடே கைகூப்பியது. அவரும் 11ஆம் தேதி போய்விட்டார். அங்கே துப்பாக்கிச் சண்டையே இல்லை, குளிர்தான் எதிரி. இந்த வெயில் ஊரில் பிறந்த பிள்ளைகள் அந்தப் பனியில் போய் நிற்கிறார்களே என்று அன்றைக்கு அக்கம்பக்கத்தில் எல்லோருமாகப் பேசிக்கொண்டோம். பேசி முடித்துவிட்டு அவரவர் வீட்டுக்குக் குக்கர் வைக்கப் போய்விட்டோம்.

கண்ணமங்கலம், சந்தவாசல் தாண்டிப் போளூர். அங்கிருந்து ஜமுனாமரத்தூர் சுமார் 40 கிலோமீட்டர் மலைப்பாதை. பஸ் வசதி உண்டு. சொந்த வண்டியில் போகிறவர்கள் போளூரிலேயே பெட்ரோல் போட்டுக்கொள்வது நல்லது. வளைவுகளில் குமட்டல் வருபவர்கள் வெறும் வயிற்றோடும் போகவேண்டாம், வயிறு முட்டவும் சாப்பிட வேண்டாம். இரண்டு இட்லியும் கையில் ஒரு எலுமிச்சம்பழமும் போதும். அம்மா ஒரு பழத்தை முகர்ந்துகொண்டு ஜம்மென்று வந்தாள். வாந்தி எடுத்தது ராணுவத்துக்குப் போகிறேன் என்ற வீரர்தான்! ரொம்ப நாளைக்குப் பிறகு வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்தோம். நானும்தான்.

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. ஊட்டி மாதிரி ஓட்டல், குதிரை சவாரி, சாக்லெட் கடை எதுவும் கிடையாது. அதனால்தான் நன்றாக இருக்கிறது. ஜமுனாமரத்தூர் சின்னக் கடைத்தெரு, அவ்வளவே. தேன், புளி, சாமை, கடுக்காய் இவை மலிவு. பீமன் மடவு அருவியில் மழை முடிந்த காலமாகையால் தண்ணீர் நன்றாக இருந்தது. பாறை வழுக்கும், சிறுபிள்ளைகளைக் கையைப் பிடித்துக்கொண்டே அழைத்துப் போங்கள். ராத்திரி நல்ல குளிர். கம்பளியும் கைக்குழந்தைக்குக் காது மூடும் குல்லாயும் அவசியம்.

இங்கே வாழ்கிறவர்கள் மலையாளிகள் என்ற பழங்குடி மக்கள். மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர், கேரளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்ததாகச் சொல்லிக்கொள்கிறார்கள். நாங்கள் சாப்பிட்ட வீட்டில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள். சாமை வடிக்கும் பக்குவத்தைக் கேட்டுக்கொண்டு வந்தேன். ஒரு பங்கு சாமைக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர். தண்ணீர் நன்றாகத் தளதளவென்று கொதித்த பிறகுதான் அரிசியைப் போடவேண்டும். பாதி வெந்ததும் தணலைக் குறைத்து மூடிவிட்டால் உதிரி உதிரியாக வரும். நாம் முதலிலேயே போட்டுவிட்டுக் கூழாக்கி விடுகிறோம்.

இரண்டாம் நாள், இவருடைய சிநேகிதரான தமிழாசிரியர் ஒருவர் வந்து, "இந்த மலையில பார்க்கவேண்டியது அருவி இல்லை, வேடியப்பன்" என்று அழைத்துப் போனார். அறுவடையான சாமைக் கொல்லை ஓரத்தில் ஒரு வேப்பமரம். அடியில் இடுப்பளவு உயரத்தில் ஒரு பலகைக் கல். சுற்றிலும் சுடுமண் குதிரைகள், சிலவற்றுக்குக் கால் இல்லை, சிலவற்றுக்குத் தலை இல்லை. கல்லில் ஒரு ஆண்பிள்ளை. இடக்கையில் வில், வலக்கையில் குறுவாள். காலடியில் சின்னதாக ஒரு கெண்டி. மேலே இரண்டு மூன்று வரி எழுத்து இருந்திருக்க வேண்டும். எண்ணெயும் மஞ்சளும் பூசிப் பூசி மழுங்கிப்போயிருந்தது.

"இது சாமி சிலை இல்லீங்கம்மா. நடுகல். சண்டையில செத்தவனுக்கு ஊரார் நட்ட கல்" என்றார் ஆசிரியர். இந்த மலையைச் சுற்றியும் தெற்கே அடிவாரத்தில் செங்கம் பக்கத்திலும் இப்படி ஏராளமான கற்கள் உண்டாம். பல்லவர் காலத்திலிருந்து, அதாவது 1,400 வருஷமாக நிற்பவையும் அவற்றில் இருக்கின்றன. 1972இல் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை, நாகசாமி அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 'செங்கம் நடுகற்கள்' என்று ஒரு புத்தகமே போட்டிருக்கிறது. அதற்கும் வெகு காலம் முன்னால், செங்கத்து நன்னனிடம் பரிசு வாங்கப் போகும் கூத்தருக்கு வழி சொல்லும் மலைபடுகடாத்திலும் வழியில் நிற்கும் நடுகற்கள் வருகின்றன. பெயர் மறந்து, ஊர் மறந்து, அரசன் மறந்துபோய், கடைசியில் அந்த வீரர்கள் எல்லோருக்கும் ஜனங்கள் வைத்த ஒரே பெயர் வேடியப்பன்.

கல்லை வெறுமனே நட்டுவிட மாட்டார்களாம். தொல்காப்பியத்திலேயே முறை இருக்கிறது. முதலில் தகுந்த கல்லைத் தேடிக் காண்பது காட்சி. அதை எடுத்து வருவது கால்கோள். நீராட்டுவது நீர்ப்படை. பிறகு நடுதல், படையலிட்டுச் சிறப்புச் செய்யும் பெரும்படை, கடைசியில் வாழ்த்து. எனக்கு அந்த நீராட்டுதல் என்ற இடத்தில் மனம் நின்றுவிட்டது. யார் குளிப்பாட்டியிருப்பார்கள்? கல்லைக் குளிப்பாட்டும்போது அவன் தாய் பக்கத்தில் நின்றிருப்பாளா? குழந்தையில் காலில் போட்டு எண்ணெய் தேய்த்து ஊற்றியது நினைவு வந்திருக்காதா?

எடுத்தனூர் என்ற ஊரில் கிடைத்த ஒரு கல்லைப் பற்றி ஆசிரியர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில், கருந்தேவக்கத்தி என்ற வாலிபன் எருமைகளைக் காக்கப் போய் உயிரைவிட்டான். அவனோடு கூட நின்றது அவன் நாய். அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று நாயின் உருவத்தையும் செதுக்கி, பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்கள். சின்னவனுக்குக் கண்ணெல்லாம் பளபளவென்று ஆகிவிட்டது. "நாய்க்கும் கல்வெட்டா சார்!" என்றான்.

எனக்கு வேறொன்று தோன்றியது. அந்தக் கல்லில் அரசன் பெயர் இருக்கிறது. செத்தவன் பெயர் இருக்கிறது. நாயின் பெயரும் இருக்கிறது. பெற்றவள் பெயர் மட்டும் இல்லை. ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "புறநானூற்றில் ஒரு தாய் வருகிறாளே" என்றார். தெரியும். ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. தகப்பனையும் கணவனையும் போரில் இழந்த பிறகும், ஒரே மகனுக்குத் தலைவாரி, வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறவள். எங்கள் பெரியவளுக்குப் பாடத்தில் வந்தது, நானே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். அன்றைக்குப் புல்லரித்தது. ஆனால் அனுப்பிவிட்டு அன்று ராத்திரி அவள் தூங்கினாளா என்று அந்தப் பாட்டில் இல்லை. அதை நான் அன்றைக்குக் கேட்கவும் இல்லை.

இதற்குள் ஒரு மலைக்காரப் பாட்டி சொம்பில் பால் கொண்டுவந்து கல்லின் மேல் ஊற்றினாள். மாடு கன்று போட்டிருக்கிறதாம். "எங்க வீட்ல மொதப் பாலு இவருக்குத்தான். மாட்டைக் காப்பாத்தப் போயி செத்தவரு. இவருக்குக் குடுக்காம நாம குடிக்கலாமா?" என்றாள். யார் பெற்ற பிள்ளையோ, எந்த ஊர்க்காரனோ, இவளுக்கு அவன் வீட்டு மனிதன். தேசம், எல்லை என்ற வார்த்தையெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. சொம்பைக் கவிழ்த்து கடைசிச் சொட்டு வரை ஊற்றிவிட்டு, முந்தானையால் கல்லின் முகத்தைத் துடைத்தாள். எச்சில் வடியும் குழந்தைக்குத் துடைப்போமே, அந்த மாதிரி.

என் அம்மாவும் கிட்டே போய்க் கும்பிட்டாள். திரும்பி வந்து திட்டில் உட்கார்ந்தவள், என் கையில் இருந்த ஒற்றை வளையலைப் பிடித்து உருட்டிக்கொண்டே இருந்தாள். "என்னம்மா?" என்றேன்.

"நீ கட்டுரையில எழுதினியே, சிரிச்ச முகத்தோட கழட்டிக் குடுத்தேன்னு. அது பொய்யிடி" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 60 வருஷமாக வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் கதை!

"சத்திரத்துல கூட்டம் போட்டிருந்தாங்க. உங்க தாத்தா முன் வரிசையில. யார் யார் என்ன குடுத்தாங்கன்னு பேர் வாசிச்சிக்கிட்டே வந்தாங்க. எல்லாரும் என் கையையே பார்த்தாங்க. எங்கம்மா போட்ட வளையல்டி அது, கல்யாணமாகி நாலு மாசம்கூட ஆகல. கழட்டப் பார்த்தேன், வரல. யாரோ சோப்பு கொண்டாந்து குடுத்தாங்க. ஒண்ணு கழண்டுது, இன்னொண்ணையும் கேட்டுடுவாங்களோன்னு கையைப் புடவைக்குள்ளே மறைச்சுக்கிட்டேன். ராத்திரி பூரா அழுதேன்."

"அப்போ குடுத்ததுல உனக்கு இஷ்டமே இல்லையா?"

"யாரு சொன்னா? மறுநாள் ரேடியோல சேதி கேக்கும்போது, அந்தக் குளிர்ல நிக்கற பசங்களுக்கு என் வளையல்ல ஒரு கம்பளியாவது வந்திருக்கும்னு நினைச்சுக்கிட்டேன். நல்லாத்தான் இருந்தது. அழுதது நிஜம். குடுத்ததும் நிஜம். நீ பரிசு வாங்கணும்னு பாதியை விட்டுட்டே."

நான் எங்கே விட்டேன், அவள்தான் எனக்குச் சொல்லவே இல்லை! ஆனால் சண்டை பிடிக்கத் தோன்றவில்லை. எதிரே சின்னவன் தலையில்லாத ஒரு மண் குதிரையை நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தான். நாங்கள் பேசியது அவன் காதில் விழுந்ததோ இல்லையோ, திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று ராத்திரி தங்கின இடத்தில் எனக்குத் தூக்கம் இல்லை. குளிருக்கு அம்மா என் போர்வையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு தூங்குகிறாள். வெளியே வந்து பார்த்தால், அடேயப்பா, எத்தனை நட்சத்திரம்! எங்கள் தெருவில் எண்ணினால் பத்து தேறாது. கம்மவான்பேட்டை அம்மாளின் போன் இந்த நேரத்தில் அடிக்காமல் இருக்கவேண்டுமே என்று ஏனோ வேண்டிக்கொண்டேன். இருட்டில் யாரோ நிற்பது தெரிந்தது. சின்னவன். அவனும் தூங்கவில்லை போலிருக்கிறது. பக்கத்தில் வந்து, சொல்லாமல் கொள்ளாமல் தன் சால்வையை என் தோளில் போட்டான்.

"உனக்கு பயமா இல்லையாடா?" என்றேன்.

"இருக்கும்மா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். பயமில்லை என்று மார்தட்டியிருந்தால் என் மனசு இன்னும் இறுகிப் போயிருக்கும்.

மூன்றாம் நாள் காவலூர் வழியாக இறங்கினோம். காவலூர் வானாய்வு நிலையத்தைப் பிள்ளைகளுக்கு அவசியம் காட்டுங்கள். உள்ளே போவதற்குக் கிழமை, நேரக் கட்டுப்பாடு உண்டு, விசாரித்துக்கொண்டு போவது நல்லது. 1960களின் கடைசியில், வானம் தெளிவாக இருக்கிறது, ஊர் வெளிச்சம் இல்லை என்று இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் வேணு பாப்பு. நம் நாட்டிலேயே வடிவமைத்துச் செய்த 2.3 மீட்டர் தொலைநோக்கி இங்கேதான் இருக்கிறது. 1986இல் அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். அதைப் பார்க்க அவர் இல்லை, 1982இலேயே காலமாகிவிட்டார். வெள்ளைக் கவிகை மரங்களுக்கு மேலே தெரிந்தபோது இவர் காரை நிறுத்தி, கையை நீட்டி, கல்லூரிப் பேராசிரியர் மாதிரி ஒரு பிரசங்கம் செய்தார். இரண்டு குரங்குகள் உட்படக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஆலங்காயத்தை நெருங்கும்போது செல்போனில் டவர் வந்துவிட்டது. மூன்று நாள் சேர்ந்திருந்த செய்திகள் எல்லாம் டிங் டிங்கென்று சின்னவன் பையிலிருந்து வந்து விழுந்தன. எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் முன் சீட்டு முதுகைப் பார்த்தபடியே கேட்டேன்:

"அந்த விண்ணப்பத்துக்கு போட்டோ எந்த சைஸ்ல கேக்கறாங்க?"

காரில் யாரும் பேசவில்லை. இவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

"பாஸ்போர்ட் சைஸ்மா" என்றான். குரல் கம்மியிருந்தது.

தூங்குகிறாள் என்று நினைத்திருந்த அம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கிட்டு எடுடா. இது சாயம் போயிருக்கு."